அரைச்செம்பு வந்த வீடு

அரைச்செம்பு வந்து இறங்கிய அன்று ஜெசிந்தா பண்ணிய அமர்க்களத்தைப் பார்த்தவர்கள், அந்த வீட்டில் யாருக்கோ நிச்சயதார்த்தம் என்றுதான் நினைத்திருப்பார்கள். விற்பதற்காகச் சுட்டு அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மக்ரூனைத் தட்டு நிறைய அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். வண்டி ஓட்டி வந்தவருக்கு, பெட்டியை இறக்கியவர்களுக்கு, சும்மா வேடிக்கை பார்க்க நின்ற எதிர்வீட்டு ஆட்களுக்கு என்று ஒருவரையும் விடவில்லை. "எடுத்துக்கோங்க, இன்னொண்ணு எடுத்துக்கோங்க, நல்ல காரியம்லா!" என்று கையில் திணித்தாள். பெட்டிக்குள் இருந்தது என்னவோ ஒரு கக்கூஸ் பீங்கான்தான்.

"கக்கூஸுக்கு இனிப்பு குடுத்த மொத ஆளு உலகத்துலயே நீங்கதான் மைனி," என்றான் கஸ்மீர். "ஃபாதரைக் கூட்டிட்டு வரவா? மந்திரிச்சு வச்சிருவோம்."

கஸ்மீர் அவளுடைய கொழுந்தன். துறைமுகத்துக் கிரேன்களை வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்து இயக்குகிற வேலை. கப்பல் கப்பலாகச் சரக்கை இறக்கி வைப்பான். வாயை மட்டும் ஒரு நாளும் இறக்கி வைத்ததில்லை.

"கூட்டிட்டு வாலே. மந்திரிச்சா நல்லதுதான்," என்றாள் ஜெசிந்தா. "ஒங்கண்ணனைக் காப்பாத்தப் போறதே இதுதான்."

சொன்னதில் பொய்யில்லை. அவள் கணவன் இன்னாசி உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவன். தூத்துக்குடி வெயில் எப்போதுமே தூத்துக்குடி வெயில்தான். இந்தக் கதை நடக்கிற காலத்தில் அது இன்னும் கொழுத்துப் போயிருந்தது. அளத்தில் நின்று நின்றே அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. வாரத்தில் பாதி நாள் ஊருக்கு வெளியே இருக்கிற டயாலிசிஸ் சென்டரில் கிடக்க வேண்டும். போகிற வழி, காத்திருப்பு, ஊசி, திரும்பி வந்து துவண்டு படுப்பது என்று பொழுது போய்விடும். இதையே வீட்டில், தன் கட்டிலில் படுத்தபடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ள ஒரு சின்ன மெஷின் வந்திருந்தது. அது கிடைத்தால் ஆள் தேறிவிடுவார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இப்படியே அலைந்துகொண்டிருந்தால் உடம்பு ரொம்ப நாள் தாங்காது என்பதையும் அவரேதான் ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

தடை ஒன்றே ஒன்றுதான். அந்த மெஷின் தண்ணீரைக் குடிகுடியென்று குடிக்கும். ஊரில் தண்ணீர் ஏது? ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்த காலமெல்லாம் போய், இப்போது கடல் தண்ணீரில் உப்பைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு விடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று பங்கு. பங்கு தீர்ந்தால் குழாய் தானாக மூடிக்கொள்ளும், அப்புறம் மறுநாள்தான். மெஷினுக்கென்று கூடுதல் பங்கு யாருக்கும் கிடையாது. ஆனால் நகரத்து நீர்ச் சபை ஒரு வழி திறந்து விட்டிருந்தது. அரைச்செம்பை மாட்டிக்கொள், ஒரு மாதத்துக்குள் உன் வீட்டுத் தண்ணீரிலேயே மெஷினுக்கு வேண்டியதை மிச்சம் பிடித்துக் காட்டு. காட்டினால் மெஷின் உனக்கு.

மக்ரூன் கொடுக்காமல் இருக்க முடியுமா?

பீங்கானைப் பொருத்த நீர்ச் சபையிலிருந்து ஆவுடைச்செல்வி என்ற இன்ஜினியர் வந்திருந்தாள். சிரித்த முகம், நிற்க நேரமில்லாத நடை. கஸ்மீர் அவளைச் சும்மா விடுவானா?

"மேடம், அரைச்செம்புன்னு பேரு வச்சிருக்கிய. அரைச்செம்புத் தண்ணி எந்த மூலைக்கு?"

"எல்லா மூலைக்கும் போதும் சார். உள்ள ஒரு பூச்சு இருக்கு, அதுல எதுவுமே ஒட்டாது. என்ன இருக்குன்னு அதுவே பாக்கும். பாத்துட்டு, எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் விடும். சிறுசுக்கு அரைச்செம்பு. பெருசுக்கு இன்னும் கொஞ்சம். உள்ள ஒண்ணுமே இல்லைன்னா ஒரு சொட்டுகூட விடாது. நீங்க கெஞ்சினாலும் விடாது."

"அடேயப்பா! அப்ப யார் யாரு உள்ள போயி என்ன பண்ணுதான்னு உங்க ஆபீஸ்ல படம் ஓடுமோ?"

"அதுக்குத்தானே ஊரே சண்டை போட்டுச்சு! யார் வந்தாங்க, என்ன போனாங்க, எல்லாத்தையும் அந்த நிமிஷமே மறந்துடும். எங்களுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. தண்ணி எவ்வளவு விட்டேங்கிறதை மட்டும் இதுல காட்டும்." சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரையைப் பொருத்தினாள். "ஒவ்வொரு தடவை தண்ணி விடும்போதும், விட்ட அளவுக்கு ஒரு நீலப் புள்ளி விழும். அவ்வளவுதான்."

இன்னாசி கட்டிலில் சாய்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "காலியா இருந்தா விடவே விடாதா?" என்று மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

"விடவே விடாது சார்," என்றாள் ஆவுடைச்செல்வி பெருமையாக.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. எவ்வளவு சிறுநீர் வெளியே போகிறதோ, அதற்குமேல் கொஞ்சம்தான் உள்ளே போகலாம். மீறினால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிக் காலில் ஏறும், நெஞ்சில் கட்டும், மூச்சை அடைக்கும். அளந்து பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கோடு போட்ட ஒரு ஜாடியைக் கொடுத்திருந்தார்கள். இன்னாசி அந்த ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதை ஜெசிந்தா ஒரே ஒரு நாள்தான் பார்த்தாள். அன்றைக்கே ஜாடியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். "புருஷன் மூத்திரத்தை அளந்து பாக்குற பொண்டாட்டியா நான்? போயிட்டு வாங்க, தண்ணிச் சத்தம் கேட்டா எனக்குப் போதும்," என்றாள்.

அதிலிருந்து அதுதான் சட்டம். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால், சமையலறையில் ஒரு தம்ளர் தண்ணீர் மேசைக்கு வரும். வரும்போது ஜெசிந்தாவின் முகத்தில் ஒரு சிரிப்பும் கூடவே வரும். இன்னும் போகிறது, ஆள் இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்ற சிரிப்பு.

சரி, அரைச்செம்புக்கு வருவோம்.

நம் ஆட்களுக்குக் கக்கூஸுக்குள் போனதும் ஒரு கப் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உட்கார வரும். எழுந்த பிறகு எந்த மெஷின் எப்படிக் கழுவிவிட்டாலும், நம் கையால் ஒரு வாளி சளார் என்று ஊற்றினால்தான் மனசு ஆறும். இது ஜெசிந்தாவுக்குத் தெரியும், அவளும் அப்படித்தானே வளர்ந்தாள்! அதனால் முதல் காரியமாகக் குளியலறை வாளியைத் தூக்கி மாடியில் போட்டாள். கால் கழுவ ஒரு கப் மட்டும் மிச்சம்.

"மைனி, ஊத்தாம வந்தா பாதியில எந்திரிச்சு வந்த மாதிரியே இருக்கு," என்று கஸ்மீர் அழாத குறையாகச் சொன்னான்.

"பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு. ஒரு மாசம்தான."

கண்ணாடியில் விழுகிற நீலப் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சின்னப் புள்ளி! பழைய பீங்கான் ஒரு வேளைக்குக் குடித்ததை இது நாள் முழுக்கக் குடிக்கவில்லை. எதிர்வீட்டு ஆட்களைக் கூட்டி வந்து காட்டினாள். மக்ரூன் வாங்க வந்தவர்களிடம் எடையைப் போடாமல் புள்ளிக் கதையைப் போட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் நிற்கப் போகிற இடத்தைத் துடைத்து, அங்கே இருந்த நாற்காலியை நகர்த்தி, "இங்கனதான், இங்கனதான் வைக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சந்தோஷத்தில் தூக்கம்கூட ஒழுங்காக வரவில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. இன்னாசிக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சென்டரில் எடை கூடிவிட்டதே என்று நர்ஸ் கேட்டதற்கு, "பொண்டாட்டி மக்ரூன் சுடுதா, என்ன செய்யச் சொல்லுதிய?" என்று பழியை மக்ரூன் மேல் போட்டுவிட்டு வந்தான். ஜெசிந்தா அன்றோடு அவனுக்கு மக்ரூனை நிறுத்தினாள். மெஷின் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மாதம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது ஆவுடைச்செல்வி வந்தாள். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இல்லை. வாசல் மீட்டரைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடியும் மீட்டரைப் பார்த்தாள்.

"என்ன மேடம்? கொறஞ்சிருக்குல்லா?" என்றாள் ஜெசிந்தா ஆவலாக.

"அரைச்செம்பு மிச்சம் பிடிக்குதும்மா. வீடு மிச்சம் பிடிக்கலை."

"அப்படின்னா?"

"கக்கூஸ்ல விடுற தண்ணி நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா வாசல்ல உள்ள வர்ற தண்ணி பழைய அளவுதான். ஒரு சொட்டு குறையலை."

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க போகுது அப்ப?"

"அதைத்தான் நாங்க ஊர் பூரா கேட்டுக்கிட்டு இருக்கோம். இவ்வளவு அரைச்செம்பு மாட்டியும் ஊர்த் தண்ணி குறையவே இல்லை. மேலிடத்துல என்னைப் போட்டுக் காய்ச்சுறாங்க, இது நெசமாவே மிச்சம் பிடிக்குதா இல்லை சும்மா விளையாட்டுச் சாமானான்னு. பாதி வீட்டுல வாளிதான் காரணம். அரைச்செம்புல நம்பிக்கை இல்லாம பின்னாடியே ஒரு வாளி ஊத்துறாங்க. எடுத்துச் சொன்னா நிறுத்திடறாங்க. ஆனா சில வீட்டுல வாளியும் இல்லை, குழாய்ல ஓட்டையும் இல்லை. தண்ணி மட்டும் போகுது. உங்க வீடு அதுல ஒண்ணு."

அவள் போனதும் ஜெசிந்தா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "லே கஸ்மீரு! கீழ எறங்கி வா. வீட்டுக்குள்ள ஒரு கள்ளன் இருக்கான். இன்னைக்கு அவனைப் பிடிக்காம நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

கஸ்மீருக்கு இதைவிட என்ன வேண்டும்? சரக்கை அந்தரத்தில் விடாமல் வேலையை முடித்துவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். திட்டம் போட்டார்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிடுவது. கஸ்மீர் வாசலில் மீட்டரைக் கண்கொட்டாமல் பார்ப்பது. ஜெசிந்தா சமையலறையில் கண்ணாடியைப் பார்த்தபடி நிற்பது. யாரும் தொடாமல் மீட்டர் ஓடினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இன்னாசி படுத்திருந்தான், பாவம், அவனை ஏன் எழுப்பித் தொந்தரவு பண்ண வேண்டும் என்று அவனிடம் சொல்லவில்லை.

"ஓடலை மைனி! அசையாம நிக்கி!" என்று வாசலிலிருந்து கத்தினான் கஸ்மீர்.

"இங்கயும் ஒண்ணுமில்ல!"

"இன்னும் நிக்கி!"

"கண்ணை எடுக்காதலே!"

"எடுக்கலை, எடுக்கலை... மைனி! மைனி! ஓடுது! ஓடுது மைனி! எம்மாடி, என்னா ஓட்டம் ஓடுது!"

அகப்பட்டுக்கொண்டான் கள்ளன்! ஜெசிந்தா காதைத் தீட்டினாள். குளியலறைப் பக்கம் சலசலவென்று தண்ணீர்ச் சத்தம். ஓ, அவிய எழுந்து போயிருக்காவ, அவ்வளவுதானா என்று ஏமாற்றமாக இருந்தது. பழக்க தோஷத்தில் கை தானாகத் தம்ளரை எடுத்தது. முகத்தில் சிரிப்பும் தானாக வந்தது. தண்ணீர் ஊற்றப் போகும்போதுதான் கண் கண்ணாடிமேல் பட்டது.

புள்ளி விழவில்லை.

சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாசலில் கஸ்மீர் கத்திக்கொண்டே இருக்கிறான். கண்ணாடி வெறுமையாக இருக்கிறது. ஒண்ணுமே இல்லைன்னா ஒரு சொட்டுகூட விடாது என்று ஆவுடைச்செல்வி சொன்னது காதுக்குள் வந்து விழ, ஜெசிந்தாவின் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. தம்ளரை வைத்துவிட்டுக் குளியலறை வாசலுக்குப் போனாள்.

"என்னங்க."

"ம்... வாரேன், வாரேன். போயிட்டேன்."

"என்ன போச்சு?"

உள்ளே கப் சத்தம் நின்றது.

"கதவைத் தொறங்க."

தாழ்ப்பாள் விலகியது. இன்னாசி மூடியிருந்த அரைச்செம்பின் மேலேயே கட்டிய வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். கையில் கப். பக்கத்தில் குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா குனிந்து அதை மூடினாள்.

"எத்தனை நாளா?"

"பழைய பீங்கான் இருக்கும்போதே நின்னு போச்சு ஜெசி. ஒண்ணும் போறதில்ல."

"அப்ப தெனமும் கேட்ட சத்தம்?"

"பழசுல கைப்பிடியை இழுத்தாப் போதும். இந்தச் சனியன் காலியா இருந்தா விட மாட்டேங்கு. அதான் குழாயைத் தொறந்து ஊத்துனேன். வாளி கணக்கா ஊத்துனாத்தான் சமையக்கட்டு வரைக்கும் கேக்கும்."

"அய்யோ, எதுக்குங்க? எதுக்கு?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "தாகம்," என்றான்.

ஜெசிந்தா அவன் கையிலிருந்த கப்பை வாங்கிக் கீழே வைத்தாள். அவன்தான் மறுபடி தொடங்கினான். "ஒனக்கு அது தெரியாது ஜெசி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். கண்ணை மூடினா கொளம் தெரியும், கெணறு தெரியும். அளத்துல அம்புட்டு வெயில்ல நின்னப்பகூட இப்படித் தவிச்சதில்ல. ஒரு வாளி ஊத்துனா நீ ஒரு தம்ளர் தருவ. பொறவு... சத்தம் கேட்டா நீ சிரிப்பேல்லா. அதையும் ஏன் நிறுத்தணும்னு..."

"மீட்டரு? மெஷினு?"

"கக்கூஸுல விடுற தண்ணியைத்தான் கணக்கெடுக்காவன்னு நெனச்சேன். எல்லாரும் அந்தக் கண்ணாடியைத்தான பாத்துக்கிட்டு இருந்திய. அதுல புள்ளி விழாம ஊத்துனா ஒண்ணுமில்லன்னு இருந்தேன்."

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்டால் இரண்டும் முட்டிமோதிக்கொண்டு வந்தன. "கால் வீங்குது, மூச்சு வாங்குதுன்னு சொன்னியளே! அது மக்ரூனா? நெஞ்சுல தண்ணி கட்டிச் செத்துருப்பிய! அதுவும் என் கையால! சிரிச்சிச் சிரிச்சி நானே ஊத்திக் குடுத்துக் கொன்னுருப்பேனே, பாவி மனுஷா!" அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவன் தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கஸ்மீர் ஓடி வந்தவன், வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தான். "வண்டியை எடுக்கேன்," என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கே சென்டருக்குக் கொண்டுபோய், உடம்பில் தங்கியிருந்த தண்ணீரையெல்லாம் எடுத்தார்கள். "இன்னும் சில நாள் விட்டிருந்தீங்கன்னா கதை வேற," என்று டாக்டர் கையை விரித்துக் காட்டினார். இனி நாளெல்லாம் சேர்த்தும் சில மடக்குதான் தண்ணீர். மெஷின் வீட்டுக்கு வந்து தினமும் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினால் மட்டும் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கலாம். அதாவது, எந்த மெஷின் வந்தால் அவன் தாகம் தீருமோ, அந்த மெஷினுக்கான தண்ணீரைத்தான் அவன் தாகம் தாங்காமல் கக்கூஸுக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

இப்போது குழாயை மூடியாயிற்று. ஆனால் மாதம் முடிந்துவிட்டது. மொத்தக் கணக்கில் மிச்சம் இல்லை.

"மிச்சம் இல்லைன்னா மெஷின் இல்லை, அப்படித்தான?" என்று கேட்டான் கஸ்மீர்.

ஜெசிந்தா அடுப்படியில் முட்டையின் வெள்ளைக் கருவை அடித்துக்கொண்டே எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அடிப்பதை நிறுத்திவிட்டு, "லே! தலைக்கு இவ்வளவு தண்ணின்னு போடும்போது, அதுல கக்கூஸுக்குன்னு ஒரு பங்கு உண்டும்லா?" என்றாள்.

"உண்டும்."

"ஒண்ணுக்கே போகாத மனுஷனுக்கு அந்தப் பங்கு எங்க போகுது?"

கஸ்மீர் அவளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அப்புறம் முட்டைக் கையோடு இருந்த அவளைச் சுற்றி ஒரு குதி குதித்தான்.

கணக்கு ஒத்துவராத வீட்டுக்காரர்களை எல்லாம் நீர்ச் சபை ஒரே நாளில் கூப்பிட்டிருந்தது. போய்ப் பார்த்தால் கூடம் நிறைய ஆட்கள். பெரும்பாலும் அளத்திலும் துறைமுகத்திலும் வெயிலில் வெந்தவர்கள், பாதிப் பேர் டயாலிசிஸ் சென்டரில் பார்த்த முகங்கள், கூடவே அவர்கள் பெண்டாட்டிமார்கள். எல்லார் முகத்திலும் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது வருகிற பயம். மேடையில் ஆவுடைச்செல்வியும் பெரிய அதிகாரிகளும் இருந்தார்கள். ஜெசிந்தாவின் முறை வந்ததும் அவள் தயங்காமல் எழுந்து நின்றாள்.

"மேடம், ஒரு தலைக்கு நீங்க குடுக்கிற பங்குல கக்கூஸுக்கு உண்டுமா, இல்லையா?"

"உண்டு. பெரிய பங்கே அதுதான்."

"அதை எந்தப் பீங்கானை வச்சுப் போட்டிய? பழசா, புதுசா?"

"பழசை வச்சுதான்," என்றாள் ஆவுடைச்செல்வி. ஜெசிந்தா என்ன சொல்ல வருகிறாள் என்று அவளுக்குப் புரியத் தொடங்கிவிட்டது.

"எங்க வீட்டுல ஒரு ஆளுக்கு உங்க அரைச்செம்பு சிறுசுக்குன்னு ஒரு சொட்டு விட்டதில்ல. விடத் தேவையில்ல. அப்ப அந்தப் பங்கு அந்த ஆளுக்கு மிச்சம்தான? அந்த மிச்சத்துல மெஷினை ஓட்டிக்கிடுதோம். ஊர்த் தண்ணியில ஒரு சொட்டு கூடுதலாக் கேக்கலை!"

கூடத்தில் சலசலப்பு. மேடையில் ஆளுக்கு ஆள் குனிந்து பேசிக்கொண்டார்கள். ஆவுடைச்செல்வியின் கண் பளபளத்தது; அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "போதும். மெஷினுக்குப் போதும்," என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு. யாரு போறாங்க, யாரு போறதில்லைன்னு அரைச்செம்பு சொல்லாது. சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட வச்சீங்க. அதனால அந்த ஆளேதான் சொல்லணும். தனக்குப் போறதில்லைன்னு, சபையில, தன் வாயால."

ஜெசிந்தா இதை எதிர்பார்க்கவில்லை. ஜாடியைப் பிடித்துக்கொண்டு கூசி நின்ற மனிதன், இத்தனை பேர் முன்னால் இதை எப்படிச் சொல்வான்? "வேண்டாம் மேடம். அது மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

அவள் பின்னால் நாற்காலி நகர்ந்தது. இன்னாசி எழுந்து நின்றுவிட்டான். கஸ்மீரின் தோளைப் பிடித்திருந்தான்.

"என் பேரு இன்னாசி. அளத்துல மேஸ்திரியா இருந்தேன்," என்றான். "எனக்கு ஒண்ணுக்குப் போறதில்ல. பல மாசமாப் போறதில்ல. போகுதுன்னு என் பொண்டாட்டியை நம்ப வைக்கதுக்கு நான்தான் கொழாயைத் தொறந்து ஊத்துனேன். ஒரு தம்ளர் தண்ணிக்காக ஊத்துனேன். உங்க பீங்கான் மேல தப்பில்ல. அது ஒழுங்காத்தான் மிச்சம் பிடிச்சுது."

பெரிய அதிகாரி ஆவுடைச்செல்வியைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"அந்தப் பங்கு உங்களுதுதான் சார்," என்றாள் அவள். "மெஷின் உங்க வீட்டுக்கு வரும்."

"யேய்!" என்று கஸ்மீர் போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். ஜெசிந்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இன்னாசியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். சபை என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தலை நரைத்த ஒரு மனிதர்.

"மேடம்," என்றார். "அப்போ... எனக்கும் போறதில்லம்மா."

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சடாரென்று திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு இது இந்த நிமிஷம்தான் தெரியும்.

சன்னல் பக்கத்தில் இன்னொரு கை. தூணுக்குப் பின்னால் ஒன்று. முன்வரிசையில் ஒரு பெண்ணின் கை. அதற்கப்புறம் யார் முதலில், யார் பின்னால் என்று சொல்ல முடியவில்லை. கூடத்தில் பாதிப் பேருக்குக் கை மேலே இருந்தது, மீதிப் பேர் அவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடைச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஊரெல்லாம் தேடிய தண்ணீர் எங்கே போயிற்று என்று அவள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசை அம்மாள் தன் கணவரை மடேர் மடேரென்று முதுகில் அடிக்கத் தொடங்கியிருந்தாள். "சொல்லலையே! எங்கிட்டச் சொல்லலையே!" அவர் கையைக் கீழே இறக்காமல் அடியை வாங்கிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்வரிசைக்கு ஓடினாள். ஓடிப்போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அக்கா, அடியைப் பொறவு வச்சிக்கிடலாம். இன்னைக்கு எவ்வளவு குடிச்சாவன்னு மொதல்ல கேளுங்க!"